ஊசி சொல்லுது

என் வேலையில் ஒரு நாளைக்கு ஏழெட்டு டேஷ்போர்டு பார்க்கிறேன். எந்த சர்வர் மூச்சு வாங்குகிறது, எந்த டேட்டாபேஸ் திணறுகிறது என்று திரை முழுக்கக் கலர் கலராகக் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசித்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் எங்கோ படித்தேன். குதிரை வண்டியில், குளம்பு வாரியடிக்கும் சேறு ஓட்டுபவர் மேல் தெறிக்காமல் இருக்க முன்னால் ஒரு பலகை அடித்திருப்பார்களாம். அதுதான் டேஷ்போர்டு. குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் பலகை அதே இடத்தில் இருந்தது. சும்மாதானே இருக்கிறது என்று மீட்டர்களை அதில் பதித்தார்கள். சேற்றை மறைக்க வந்த பலகை, உள்ளே நடப்பதைக் காட்டும் பலகை ஆனது.

எங்கள் வீட்டு ஜீப்பில் அது மறுபடி பழைய உத்தியோகத்துக்கே போயிருந்தது. காட்ட வேண்டிய எதையும் காட்டவில்லை. ஸ்பீடாமீட்டர் நான் ஹைஸ்கூல் படிக்கும்போதே நின்றுவிட்டது. ஆம்மீட்டர் ஊசி மைனஸ் பக்கம் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டது. டெம்பரேச்சர் மீட்டரின் கண்ணாடி என்றைக்கோ உடைந்து, உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. மேலே படவேடு ரேணுகாம்பாள் படம், வருஷக்கணக்கில் அப்பிய குங்குமம், என் தங்கை ஒட்டிய ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். அவ்வளவுதான் டேஷ்போர்டு.

சந்தவாசல் தெரியாதவர்களுக்கு: போளூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகிற ரோட்டில், ஜவ்வாது மலையை ஒட்டி இருக்கிற ஊர். வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மலைதான் கண்ணில் படும். அப்பா தொண்ணூறுகளில் ஓர் அரசு ஏலத்தில் அந்த டீசல் ஜீப்பை எடுத்தார். எங்கள் வாழைத்தாரை இறக்கவும், மல்லாட்டை மூட்டை ஏற்றவும், மலை மேல் இருக்கும் தெரிந்தவர்களின் புளியையும் சாமையையும் பலாவையும் கீழே கொண்டுவரவும் அதுதான்.

மூன்று மீட்டரும் செத்த வண்டியை இருபது வருஷத்துக்கு மேல் எப்படி ஓட்டினார் என்றால், காதால் ஓட்டினார். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. கியர் மாற்றுவது சத்தத்தை வைத்து. தண்ணீர் குறைந்தால் எஞ்சின் குரல் "காயும்" என்பார். பெல்ட் தளர்ந்தால் கீச்சென்று ஒரு இழுப்பு, ஆயில் மாற்றும் காலம் நெருங்கினால் டப்பெட்டில் ஒரு கலகலப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லாமே ஒரே கடகடப்புதான். "வண்டி பேசிக்கினே வருது, உனக்குக் கேக்கலியா?" என்று கேட்பார். எனக்குக் கேட்டதே இல்லை.

பிறகு அவருக்கும் கேட்காமல் போனது.

முதலில் டிவி சத்தம் கூடியது. அப்புறம் போனில் பேசினால் சம்பந்தமில்லாமல் "சரி சரி" என்றார். அம்மா சண்டை பிடித்து வேலூருக்கு அழைத்துப்போய்க் காதைப் பரிசோதிக்க வைத்தார். அந்த ஆடியோகிராம் தாளை அம்மா எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். இடது பக்கம் தாழ்ந்த சுருதி, வலது பக்கம் உயர்ந்த சுருதி. கோடு இடது ஓரத்தில் ஓரளவு மேலே நிற்கிறது. 2000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் சரிவு, 4000-இல் ஒரு பெரிய பள்ளம். இரைச்சலில் உழைத்த காதுகளில் வழக்கமாக முதலில் விழுவது அந்த இடம்தானாம். தினமும் வரைபடம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் எனக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெல்ட்டின் கீச்சு, பேரிங்கின் சீழ்க்கை, டப்பெட்டின் கலகலப்பு எல்லாம் கோட்டின் வலது பக்கத்துச் சங்கதிகள். எஞ்சினின் தடதடப்பு இடது பக்கம். அப்பாவே அதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "எஞ்சின் ஓடுதுன்னு கேக்குது. எப்படி ஓடுதுன்னுதான் கேக்கல."

காதுக்கு மெஷின் வாங்கலாம் என்றால் முடியவே முடியாது என்றுவிட்டார். அந்தப் பங்குனியில் புளி ஏற்றிக்கொண்டு வரும்போது மலையில் ஃபேன் பெல்ட் அறுந்தது. அறுவதற்கு முன்னால் அது கத்தியிருக்கும், நிச்சயமாக. பெல்ட் போனால் தண்ணீர் பம்பும் நிற்கும், சார்ஜும் நிற்கும். இரண்டு மீட்டர்கள் உயிரோடு இருந்திருந்தால் இரண்டும் சொல்லியிருக்கும். பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பையன் புகையைப் பார்த்துத் தட்டிச் சொன்ன பிறகுதான் வண்டி நின்றது. ஹெட் தப்பியது அதிர்ஷ்டம்.

வண்டியை விற்றுவிடலாம் என்றார் அம்மா. நான் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். இடது பக்கம் அப்பாவின் காது இதுவரை செய்த வேலைகள். வலது பக்கம் அதையே கண்ணுக்குச் சொல்ல எந்த மீட்டர் வேண்டும், என்ன விலை. கூட்டிப் பார்த்தால் மூவாயிரத்துக்குள் வந்தது.

பழைய வண்டிக்கு டேஷ்போர்டு மாற்றுவது என்றதும் யூட்யூப் முதலில் காட்டுவது ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு திரை. அப்புறம் மரக்கலர் ஸ்டிக்கர், தையல் போட்ட ரெக்ஸின், நீல எல்இடி. நான் அதற்கெல்லாம் எதிரி இல்லை, ஆனால் எங்களுக்குத் தேவை அழகு அல்ல. இந்த வகை ஜீப்பின் டேஷ்போர்டு தட்டையான ஒரு இரும்புத் தகடு. வளைவு கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. மஹிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தபோது வந்த ராணுவ புத்தி அது: எது உடைந்தாலும் ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் கழற்றி மாட்டலாம். நம் வீட்டில் செய்ய இதைவிடச் சௌகரியமான டேஷ்போர்டு இல்லை.

முதல் நாள் எந்த மீட்டரையும் தொடவில்லை. எர்த் மட்டும் பார்த்தேன். பழைய வண்டியில் மீட்டர் கெட்டுவிட்டது என்று கழற்றி எறிகிறார்களே, அதில் பாதி கெட்டதே இல்லை. கரண்ட் போகிற வழி சரியாக இருக்கும், திரும்பி வருகிற வழி துருவேறியிருக்கும். தகடு பாடியைத் தொடும் இடத்தில் துரு, பாடியிலிருந்து சேஸிஸுக்குத் துரு, பேட்டரி மைனஸ் ஒயரின் அடியில் பெயிண்ட். உப்புத்தாளால் மூன்று இடத்தையும் பளபளவென்று தேய்த்து, புதிதாக ஒரு தடி ஒயர் இழுத்து, மேலே வாசலின் தடவினேன். செலவு எழுபது ரூபாய். ஹாரன் சத்தம் கூடிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்தார். இனி பழைய வண்டி வைத்திருக்கும் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லப்போவது இதுதான், மீட்டர் வாங்கப் போகாதே, எர்த் பார்.

இரண்டாவது, ஆயில் பிரஷர். எங்கள் ஜீப்பில் இதற்கு மீட்டர் இருந்ததே இல்லை, ஒரு சிவப்பு விளக்குதான். அதுவும் பல்பு போய்விட்டது. அந்த மாதிரி விளக்கு அழுத்தம் ஏறக்குறைய 5, 7 பிஎஸ்ஐக்குக் கீழே விழுந்தால்தான் எரியும். அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே தேய ஆரம்பித்திருக்கும். எங்கள் வேலையிலும் இதே தகராறுதான். எல்லை தாண்டியதும் அலாரம் அடிப்பது ஒரு வகை, சரிந்துகொண்டே வருவதைக் கோடாகக் காட்டுவது இன்னொரு வகை. இரவு மூன்று மணிக்கு அலாரத்தால் எழுப்பப்பட்ட யாரைக் கேட்டாலும் கோடுதான் வேண்டும் என்பார்கள்.

போளூரில் டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். "எந்த டிராக்டருக்கு சார்?" என்றார் கடைக்காரர். ஜீப்புக்கு என்றதும், "ரெண்டும் ஒன்னுதான்" என்று எடுத்து வைத்தார். அவர் சொன்னது வெறும் வியாபாரப் பேச்சு இல்லை. மஹிந்திரா 1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து டிராக்டர் கம்பெனி தொடங்கியது. அந்த பி-275 டிராக்டரின் எஞ்சின் வம்சம்தான் பிறகு டீசல் ஜீப்பிலும் ஏறியது. அதனால் எங்கள் பக்கம் ஜீப்புக்கு வேண்டியதைத் தேடி மெட்ராஸ் போக வேண்டாம். டிராக்டர் இருக்கிற ஊரெல்லாம் ஜீப்புக்கும் ஊர்தான்.

வாங்கியது மெக்கானிக்கல் மீட்டர், 450 ரூபாய். கரண்டே வேண்டாம். எஞ்சின் பிளாக்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் நேராக மீட்டருக்கு வருகிறது, அதற்குள் ஆயிலே வந்து நிற்கிறது. உள்ளே இருப்பது சுருண்ட ஒரு தட்டைக் குழாய். அழுத்தம் ஏறினால் சுருள் விரியப் பார்க்கும், அந்த அசைவு ஊசியைத் திருப்பும். ஆடி வெள்ளிக்குப் படவேட்டில் விற்பார்களே, ஊதினால் பாம்பு மாதிரி நீண்டு வரும் காகிதப் பீப்பி, அதே சூத்திரம். யூஜின் பூர்தோன் என்கிற பிரெஞ்சுக்காரர் 1849-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டர் மேல் இருக்கிற மீட்டரைத் திறந்தால் அவர்தான் உள்ளே இருப்பார்.

குழாயை ஃபயர்வால் வழியாகக் கொண்டுவர வேண்டும் (எங்கள் தொழில் வண்டியிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொரு வார்த்தை மாதிரி இருக்கிறது, ஆனால் அது கட்டடத்திலிருந்து இரண்டு பேருக்கும் வந்தது). ஓட்டையில் ரப்பர் வாஷர் இல்லாமல் விட்டால் அதிர்வில் தகடு குழாயை அறுத்துவிடும், சூடான ஆயில் முழங்காலில் கொட்டும். எஞ்சின் பக்கம் குழாயை இரண்டு சுற்றுச் சுருட்டி விட்டேன், ஆட்டத்தை அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளும். டெம்பரேச்சர் மீட்டரும் இதே குடும்பம்தான். குமிழுக்குள் சீக்கிரம் ஆவியாகும் திரவம், அதிலிருந்து முடி மாதிரி ஒரு செப்புக் குழாய். அதை வெட்டவோ மடக்கவோ கூடாது. நீளம் மிஞ்சினால் சுருட்டிக் கட்ட வேண்டியதுதான்.

ஆம்மீட்டரை எடுத்தே விட்டேன். இதில் மூல உருவத்தைக் காக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அந்தக் காலத்து ஆம்மீட்டரில், ஸ்டார்ட்டர் தவிர்த்து, வண்டியின் அத்தனை கரண்டும் டேஷ்போர்டுக்குள் வந்து திரும்பிப் போகிறது. முப்பது நாற்பது வருஷ ஒயரில், முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி. ஒரு நட்டு தளர்ந்தால் போதும், தீப்பிடிக்க. அந்த இடத்தில் 180 ரூபாய் வோல்ட்மீட்டர் வைத்தேன். எஞ்சின் நிற்கும்போது 12.6 என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் என்றால் சார்ஜ் ஏறுகிறது. பெல்ட் அறுந்தால் அது 12-க்கு இறங்கும். அப்பா நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்.

ஹெட்லைட்டின் கரண்டும் அதே மாதிரி சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. பல்பு முனையில் அளந்தால் 11.5 வோல்ட். பேட்டரியில் 13.5. இரண்டு வோல்ட்தானே, பதினைந்து சதவீதம் வெளிச்சம் குறையும் என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில் மாறுகிறது. கணக்குப் போட்டால் நாற்பது சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ் பெட்டி, 500 ரூபாய்க்குள். சுவிட்சின் வேலை இனி ரிலேவைத் தட்டி எழுப்புவது மட்டும்தான், பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து நேரே போகும்.

டேஷ்போர்டு விளக்கில்தான் நிறைய நேரம் போனது. கடையில் கிடைத்ததெல்லாம் வெள்ளை எல்இடி. அதைப் போட்டு இரவில் படவேடு பக்கம் ஒரு சுற்று போனேன், மீட்டர் பளிச்சென்று தெரிந்தது, ரோடு தெரியவில்லை. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும். ஒரு வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் அழித்துவிடும். இருட்டில் பார்க்க உதவும் செல்கள் சிவப்பு ஒளியை மட்டும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. இது எனக்குத் தெரிந்தது வண்டிக்காரர்களிடமிருந்து அல்ல. இதே மலைத்தொடரில் ஆலங்காயம் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 1986-இலிருந்து அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி. காலேஜில் நாங்கள் ஒரு கூட்டமாக அங்கே போனபோது டார்ச்சில் சிவப்புத் தாள் கட்டச் சொன்னார்கள். அது ஞாபகம் வந்து, சின்னச் சிவப்பு எல்இடி நான்கு வாங்கி, ரெசிஸ்டரை ஏற்றி வைத்து மங்கலாக்கினேன். மலை ரோட்டில் இப்போது ஊசிகள் அணைகிற நெருப்பு மாதிரி தெரிகின்றன. ரோடும் தெரிகிறது.

ஸ்பீடாமீட்டருக்கு 280 ரூபாயில் கேபிள். உள்ளே ஒரு காந்தம் சுழலும், அதைத் தொடாமல் மேலே ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும், ஸ்பிரிங் விடாது, அந்த இழுபறியில் நிற்கும் இடம்தான் வேகம். இருபது வருஷத்துக்குப் பிறகு அது 40 என்று காட்டியபோது அப்பா, "அவ்ளோதானா?" என்றார். தான் அறுபதில் போவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தகட்டைத் தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே சாம்பல் ஹாமர்டோன். அம்மன் படம் அதே இடத்தில். பட்டாம்பூச்சியைச் சுற்றி டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்தேன்.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று தங்கை கேட்டாள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பது வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை. மீட்டரும் ஒயரும் அதில் வராது. 2021-இல் வந்த வின்டேஜ் விதியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்: 50 வருஷம் தாண்டிய, மூல உருவம் கெடாத வண்டிக்கு 'விஏ' என்று தனி நம்பர், ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. "அப்ப பூஜை ரூம்லதான் வெக்கணும்" என்றார். எங்களுடையதற்கு அந்த வயசும் ஆகவில்லை. இது வேலை பார்க்கிற வண்டி. 2022 ஏப்ரலில் பதினைந்து வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனதில்தான் அவருக்கு வருத்தம். "மீட்டர் எல்லாத்தையும்விட அது ஜாஸ்தி" என்றார். சரிதான்.

மலைக்கு ஏற்றிப் பார்த்தோம். மெக்கானிக் பாயும் கூட வந்தார். ஏற்றம் முழுக்க டெம்பரேச்சர் 85-இல் நின்றது. அப்பா கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் ஓரத்தில் ஊசியைப் பார்க்கப் பழகிவிட்டார், நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக. மேலே போய் டீக்கடை முன்னால் வண்டியை ஐடிலில் விட்டோம். ஆயில் ஊசி 40-இலிருந்து இறங்கியது. 20. 15. பிறகு 8-இல் போய் நின்றது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சூடான எஞ்சின் ஐடிலில் 15, 20 காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். 8 என்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் பிடிமானம் இல்லாமல் வழிந்து ஓடுகிறது. பாய் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், தன் டூல்ஸ் பையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்து மாட்டியும் பார்த்தார். அதே 8. "இப்ப ஒன்னும் ஆவாதுண்ணே. லோடு அடிச்சா ஒரு வருஷம் தாங்காது" என்றார். எஞ்சினை இறக்கிச் செய்ய எழுபதாயிரம் ஆகும் என்றார். மூவாயிரம் ரூபாய்க்கு நாங்கள் வாங்கி மாட்டியது இந்தச் செய்தியைத்தான்.

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. நிஜமாகவே தெரிந்திருந்ததா, காது இருந்த காலத்திலேயே கேட்டுவிட்டாரா, இல்லை அந்த நேரத்துக்குச் சொன்னாரா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. இறங்கும்போது அவர் மீட்டரையே பார்க்கவில்லை.

அடுத்த புளி சீசனில் நான் ஊரில் இருந்தேன். மலையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், அப்பாவோடு பல வருஷப் பழக்கம். மூட்டை எத்தனை, எந்தக் கிழமை என்று பேசிக்கொண்டே வந்தார்கள். அப்பாவுக்கு அவர்கள் சொன்னதில் பாதி கேட்டிருக்காது. முடியாது என்று அவர் யாரிடமும் சொல்லி நான் பார்த்ததில்லை. வயசாகிவிட்டது, காது போய்விட்டது, எந்த வார்த்தையும் அவர் வாயில் வராது. எழுந்து போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். சூடாகும்வரை விட்டுவிட்டு அவர்களைக் கூப்பிட்டு ஆயில் மீட்டரைக் காட்டினார். "பாரு, ஊசி ஏற மாட்டேங்குது. இந்த வருஷம் நம்ம வண்டி மலைக்கு வராது. ஊசியே சொல்லுது."

அவர்கள் குனிந்து பார்த்தார்கள். பெரியவர் தலையாட்டினார். "வண்டிக்கு முடியலன்னா இன்னா பண்றது" என்றார். மூன்று பேரும் வண்டியைப் பற்றி வருத்தப்பட்டார்கள், டீ குடித்தார்கள், வேறு யார் ஜீப் கிடைக்கும் என்று அப்பாவே போன் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இப்போது ஜீப் சமவெளியில் மட்டும் ஓடுகிறது, காலி வண்டியாகத்தான். எழுபதாயிரத்தை நான் தருகிறேன் என்றேன், பார்க்கலாம் என்கிறார்.

டீசல் மீட்டர் ஒன்றுதான் பாக்கி. டாங்கில் மிதவையோடு இருக்கும் சென்சாரும் மீட்டரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். சில மீட்டர்களுக்கு டாங்க் நிறைந்தால் ஓம் குறைய வேண்டும், சிலவற்றுக்குக் கூட வேண்டும். மாறிப்போனால் காலி டாங்க் ஃபுல் என்று காட்டும். ஜோடியாக வாங்கினால் 900 ரூபாய். வாங்கி வைத்துவிட்டேன், மாட்ட விடமாட்டேன் என்கிறார். டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, கத்தியால் கோடு கீறிய ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பார். குச்சியை வேட்டியில் துடைத்துவிட்டுத் திரும்ப சீட்டுக்குப் பின்னால் செருகுவார். அம்மா அதற்குத் திட்டுவார். அது அவருக்குக் கேட்காது.